நெகிழ்நிகழ்வும் பார்வையாளர் மரபும்: அறிவுசார் மாற்றுத்திறனாளிகளின் அரங்க நுகர்வை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

அறிவுசார் மாற்றுத்திறனாளிகளும் ஆட்டிசம் உடையோரும் நாடக அரங்கிற்கு வருவதைத் தடுப்பவற்றுள் படிக்கட்டுகளைவிட வலியவை எழுதப்படாத பார்வையாளர் விதிகளே என்பது இக்கட்டுரையின் கருதுகோள். அவ்விதிகளைத் தளர்த்தி 2010களில் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பரவிய நிகழ்த்துமுறையை இக்கட்டுரை முதலில் விளக்குகிறது. பின்னர் அதனைத் தொல்காப்பிய மெய்ப்பாட்டுக் கொள்கையோடும் தெருக்கூத்துக் களத்தின் பார்வை மரபோடும் வைத்து நோக்குகிறது. அரங்க வருகைக்கு முன் பார்வையாளருக்கு வழங்கப்பெறும் முன்னறிகதையைத் தமிழில் எழுத முற்படும்போது தோன்றும் மொழிநடைச் சிக்கல்கள் இறுதியில் ஆராயப்பெறுகின்றன.

திறவுச்சொற்கள்: நெகிழ்நிகழ்வு, பார்வையாளர் மரபு, மெய்ப்பாடு, தெருக்கூத்து, முன்னறிகதை, எளியநடை.

1. சொல்லும் சட்டமும்

பிரிட்டனில் ‘லேர்னிங் டிஸபிலிட்டி’ என்னும் தொடர் இளமையிலேயே தொடங்கி வாழ்நாள் முழுதும் நீடிக்கும் அறிவுசார் குறைபாட்டைச் சுட்டுகிறது. புதிய செய்திகளைப் புரிந்துகொள்வதிலும் அன்றாடச் செயல்களைத் தனித்துச் செய்வதிலும் பிறர் உதவி தேவைப்படுவோர் அதனுள் அடங்குவர். இந்தியாவில் அதே தொடரைக் கேட்பவர் நினைவுக்கு வருபவர் எழுத்தையும் எண்ணையும் கையாள்வதில் இடர்ப்படும் பள்ளி மாணவரே. தமிழில் வழங்கும் ‘கற்றல் குறைபாடு’ என்பதும் பெரும்பாலும் இப்பொருளிலேயே ஆளப்படுகிறது. பிரிட்டன் அரங்குகளின் வழிகாட்டிகளைத் தமிழாக்கும் ஒருவர் ‘கற்றல் குறைபாடு உடையோருக்கான நாடகம்’ என எழுதிவிட்டால், படிப்பவர் மனத்தில் வேறொரு பார்வையாளர் வந்து அமர்ந்துவிடுவார். எனவே இக்கட்டுரை ‘அறிவுசார் மாற்றுத்திறனாளிகள்’ என்னும் வழக்கைக் கொள்கிறது.

இந்தியாவின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 தன் அட்டவணையில் அறிவுசார் குறைபாடு என்னும் தலைப்பின் உட்பிரிவுகளாகவே குறிப்பிட்ட கற்றல் குறைபாடுகளையும் ஆட்டிசத்தையும் வைத்துள்ளது. வகைப்பாடு என்னும் நிலையில் இது விவாதத்திற்குரியது. ஆட்டிசம் உடையோர் பலருக்கு அறிவுசார் குறைபாடு இல்லை. எனினும் அரங்கிற்குள் நுழையும் தருணத்தில் இம்மூவகையினரும் சந்திக்கும் தடைகள் பெரிதும் ஒத்தவை; மிகுந்த ஒலி, திடீர் இருள், அடுத்து என்ன நிகழும் என்று அறியாமை, அசையவும் குரலெழுப்பவும் இடமின்மை என்பன அவை. ஆகவே அரங்கியல் நோக்கில் இவர்களை ஒருங்கு வைத்துப் பேசுவதில் தவறில்லை.

அச்சட்டத்தின் 29ஆம் பிரிவு பண்பாட்டு வாழ்விலும் பொழுதுபோக்கிலும் பிறரோடு சமமாகப் பங்கேற்கும் உரிமையை மாற்றுத்திறனாளிகள் அனைவருக்கும் உறுதிப்படுத்த வேண்டிய கடமையை அரசுகள் மீதும் உள்ளாட்சிகள் மீதும் சுமத்துகிறது. கலையை மாற்றுத்திறனாளிகள் அணுகத்தக்கதாக ஆக்குதல் என்பது அதன் கூறுகளுள் ஒன்று. 2006இல் ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற உடன்படிக்கையின் 30ஆம் உறுப்பு இதற்கு மூலம். இந்தியா அவ்வுடன்படிக்கைக்கு 2007இல் ஏற்பளித்தது.

சட்டச் சொற்கள் விரிந்தவை, நடைமுறை குறுகியது. 2024 மார்ச்சில் ஒன்றியத் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் திரையரங்குகளுக்கான அணுகல் நெறிமுறைகளை வெளியிட்டது. அதன் தலைப்பே செவிக்குறைபாடும் பார்வைக்குறைபாடும் உடையோரை மட்டும் குறிப்பிடுகிறது. வசனவரி, சைகைமொழி, ஒலிவிவரணம் ஆகியன உரியவாறு பேசப்படுகின்றன. திரையைப் பார்க்கவும் ஒலியைக் கேட்கவும் இயன்றும் அவ்வரங்கில் அமர இயலாதவர் அந்நெறிமுறையின் எல்லைக்குள் வரவில்லை. இவ்விடைவெளி தற்செயலானதன்று. பொறிவழித் தடைகளுக்குக் கருவி உண்டு. கருவியை வாங்கலாம், பொருத்தலாம், கணக்கில் காட்டலாம். அறிவுசார் மாற்றுத்திறனாளிக்குத் தடையாக நிற்பது அருகில் இருப்பவரின் முகச்சுளிப்பு. அதற்கு ஒப்பந்தப்புள்ளி கோர இயலாது.

2. நெகிழ்நிகழ்வின் தோற்றமும் கூறுகளும்

2011 அக்டோபர் 2ஆம் நாள் நியூயார்க்கின் பிராட்வேயில் ‘தி லயன் கிங்’ இசைநாடகம் ஆட்டிசம் உடையோருக்கும் அவர்தம் குடும்பத்தினருக்கும் என ஒருமுறை நிகழ்த்தப்பெற்றது. பிராட்வேயில் இவ்வகையில் அதுவே முதலாவது. தியேட்டர் டெவலப்மெண்ட் ஃபண்ட் என்னும் அமைப்பு அக்காட்சியின் இருக்கைகள் முழுவதையும் தானே வாங்கிக் குறைந்த விலையில் குடும்பங்களுக்கு அளித்தது. பிரிட்டனில் 2012-13இல் பல அரங்குகள் இணைந்து ஒரு முன்னோட்டத் திட்டத்தை நடத்தின. ‘ரிலாக்ஸ்டு பெர்ஃபாமன்ஸ்’ என்னும் பெயர் அங்கு நிலைபெற்று, பிறகு பிற நாடுகளுக்கும் சென்றது.

இப்பெயரைத் தமிழாக்குவதில் கவனம் வேண்டும். ‘தளர்’ என்னும் அடி தமிழில் வலிமை குன்றுதலையும் குறிப்பதால், ‘தளர்நிலை நிகழ்வு’ என்பது நாடகமே வலுவிழந்துவிட்டது போன்ற எண்ணத்தைத் தரும். ‘ஓய்வுநிலை’ என்பதும் பொருந்தாது. இங்கு மாறுவது பார்வையாளர் ஒழுங்கின் இறுக்கமே ஆதலால் ‘நெகிழ்நிகழ்வு’ என்னும் ஆக்கச்சொல் இக்கட்டுரையில் பயன்படுத்தப்பெறுகிறது.

நெகிழ்நிகழ்வில் நாடகத்தின் பனுவல் பெரும்பாலும் மாற்றப்படுவதில்லை. பார்வையாளர் பகுதியின் விளக்குகள் முற்றிலும் அணைக்கப்படாமல் மங்கலாக எரிகின்றன. வெடியோசை போன்ற திடீர் ஒலிகள் தணிக்கப்படுகின்றன. பார்வையாளர் கண்ணில் படும் வெட்டொளி நீக்கப்படுகிறது. கதவுகள் திறந்திருக்கும், எவரும் எப்போதும் எழுந்து சென்று மீளலாம். அரங்கிற்கு வெளியே ஒலி குறைந்த ஓர் இடம் ஒதுக்கப்படும். நுழைவுச்சீட்டு வாங்குபவர் முதல் இருக்கை காட்டுபவர் வரை அரங்கப் பணியாளர் யாவரும் முன்கூட்டிப் பயிற்சி பெறுவர். சில அரங்குகளில் நடிகர்கள் தொடக்கத்திலேயே மேடைக்கு வந்து தம் பெயரையும் ஏற்கும் பாத்திரத்தையும் சொல்லிக்கொள்கின்றனர். பேசலாம், எழலாம், கையசைக்கலாம், காதை மூடிக்கொள்ளலாம். எவரும் திரும்பிப் பார்த்து அடக்கமாட்டார்.

சைமன் ஸ்டீபன்ஸ் மார்க் ஹேடனின் நாவலை நாடகமாக்கிய ‘தி க்யூரியஸ் இன்சிடென்ட் ஆஃப் தி டாக் இன் தி நைட்-டைம்’ 2012இல் லண்டன் நேஷனல் தியேட்டரில் அரங்கேறியது. அதன் தலைமைப் பாத்திரமான இளைஞனைப் பலரும் ஆட்டிசம் உடையவனாகவே படித்தனர். அவன் உள்ளத்தில் உலகம் எவ்வாறு பேரொலியாகவும் கண்கூசும் ஒளியாகவும் மோதுகிறது என்பதைக் காட்டவே அந்நாடகத்தின் ஒலியும் ஒளியும் அமைக்கப்பெற்றன. அதனாலேயே அவனைப் போன்ற இளைஞர் அதன் வழக்கமான காட்சியில் அமர்வது கடினம். பின்னர் அந்நாடகத்திற்கும் நெகிழ்நிகழ்வுகள் நடத்தப்பெற்றன. ஒருவரைப் பற்றிப் பேசும் கலை அவரை நோக்கியும் பேசுகிறதா என்னும் வினாவிற்கு இதனினும் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

இம்முறைக்கு எதிரான திறனாய்வும் உண்டு. முந்நூறு காட்சிகளுள் ஒரு பிற்பகற் காட்சியை ஒதுக்குவது அணுகலா, புதியதொரு ஒதுக்கமா என்னும் வினா அவற்றுள் முதன்மையானது. டூரெட் நோய்க்குறி உடைய ஜெஸ் தாம் என்னும் பிரிட்டன் கலைஞர் 2011இல் ஒரு நிகழ்ச்சியின்போது தம் கட்டுப்பாட்டில் இல்லாத ஒலிகளுக்காகப் பார்வையாளர் பகுதியிலிருந்து அகன்று ஒலிக்கட்டுப்பாட்டு அறையில் அமருமாறு கேட்டுக்கொள்ளப்பட்டார். ‘பேக்ஸ்டேஜ் இன் பிஸ்கட் லேண்ட்’ என்னும் அவரது மேடை நிகழ்ச்சி அவ்வனுபவத்திற்கு அவர் தந்த மறுமொழி. அவரது குறைபாடு அறிவுசார்ந்தது அன்று. ஆயினும் அவர் எழுப்பிய வினா இங்கும் பொருந்தும். 2020இல் லண்டனின் பேட்டர்சீ கலை மையம் தனிக்காட்சி ஒதுக்கும் முறையை விட்டு, அரங்கு முழுமையையும் நெகிழ்வரங்காக அறிவித்தது. அங்குச் சிறப்புச் சலுகையாக இருந்தது பொது நடைமுறையாயிற்று.

அறிவுசார் மாற்றுத்திறனாளிகள் நடிகராகும் அரங்கு வேறு ஆய்வுக்குரியது. ஆஸ்திரேலியாவின் ஜீலாங் நகரில் 1987இல் தோன்றிய பேக் டு பேக் குழு 2022இல் பன்னாட்டு இப்சன் விருதைப் பெற்ற நிலையில், அவர்தம் நடிப்பாற்றலுக்குச் சான்று தேட வேண்டியதில்லை. மேடையில் இடம் கிடைத்த பின்னரும் பார்வையாளர் இருக்கை எளிதில் கிடைப்பதில்லை என்பதே இங்கு நோக்கத்தக்கது.

3. அழுகுரலும் மெய்ப்பாடும்

2015 செப்டம்பரில் நியூயார்க்கின் லிங்கன் சென்டரில் ‘தி கிங் அண்ட் ஐ’ நிகழ்ந்துகொண்டிருந்தபோது, சாட்டையடிக் காட்சியில் ஆட்டிசம் உடைய சிறுவன் ஒருவன் உரக்கக் கத்தினான். பார்வையாளர் சிலர் முணுமுணுத்தனர். இத்தகைய பிள்ளையை ஏன் அழைத்து வந்தார் எனத் தாயை நோக்கிய குரல்களும் எழுந்தன. அன்றே அந்நாடகத்தின் நடிகர் கெல்வின் மூன் லோ முகநூலில் அத்தாயின் சார்பாக எழுதினார். அவர் அதில் தந்த ஒரு செய்தி பெரும் விவாதங்களில் கவனம் பெறாமற் போயிற்று. அதற்கு முந்தைய ஒரு வாரத்திற்குள், அதே காட்சியில், முன்வரிசையில் இருந்த சிறுமி ஒருத்தி வீரிட்டு அழுதாள். அவளுக்கு ஆட்டிசம் இருந்ததாகத் தோன்றவில்லை. அன்று எவரும் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

இவ்விரு நிகழ்வுகளையும் அருகருகே வைத்தால், குற்றம் ஒலியில் இல்லை என்பது விளங்கும். ஒரே காட்சி, ஒரே அச்சம், ஏறத்தாழ ஒரே ஓசை. ஒன்று நாடகத்தின் வெற்றியாகவும் மற்றொன்று நாடகத்திற்கு இடையூறாகவும் கேட்கப்பட்டது.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியலின் துணைகொண்டு நோக்கினால் இவ்வேறுபாடு நிலைகொள்ளாது. மெய்ப்பாடு என்பது உள்ளத்து உணர்வு மெய்யின்கண் வெளிப்பட்டுத் தோன்றுதல். பேராசிரியர் தம் உரையில் சுவைக்கப்படும் பொருள், அதனை நுகரும் பொறியுணர்வு, உள்ளத்தில் எழும் குறிப்பு, அக்குறிப்பால் உடம்பின்கண் தோன்றும் வேறுபாடு என நான்கு படிகளைக் காட்டுகிறார். கண்ணீர் அரும்புவதும் மயிர் சிலிர்ப்பதும் அவ்விறுதிப் படிக்கு உரியன. சுவை நுகர்வு உடலில் முடிவது என்பது இதன் பொருள். அச்சம் பிறக்கும் களன்களாகத் தொல்காப்பியர் குறிக்கும் நான்கனுள் ‘இறை’யும் ஒன்று, அரசன் முதலிய தலைமையுடையோரை அது குறிக்கும். சயாம் மன்னன் சாட்டை ஓங்கும் காட்சியைக் கண்டு சிறுவன் அலறியது, இலக்கணம் வகுத்த களனில் இலக்கணம் வகுத்த உணர்வு தோன்றியதே ஆகும். அவ்வரங்கில் இருந்தோருள் அக்காட்சியை முழுமையாக நுகர்ந்தவன் அவனே எனினும் மிகையாகாது.

மெய்ப்பாட்டியலை மாற்றுத்திறனாளிகளின் உரிமை நூலாக வாசிப்பது காலமுரண் என்னும் தடை இங்கு எழக்கூடும். அத்தடை ஏற்கத்தக்கதே. தொல்காப்பியரும் உரையாசிரியர்களும் அறிவுசார் குறைபாடு உடைய பார்வையாளரை நினைந்து எழுதினர் என்று கொள்ள இடமில்லை. உடலின் வெளிப்பாட்டைச் சுவையின் நிறைவாகக் கொள்ளும் ஒரு கோட்பாடு தமிழில் இருக்க, உடலை அடக்கி அமர்வதே சுவைஞர்க்கு இலக்கணம் என்னும் எண்ணம் எங்கிருந்து வந்தது என்று கேட்பதற்கு மட்டுமே அந்நூல் இங்குப் பயன்படுகிறது.

அவ்வெண்ணத்தின் வரலாறு நீண்டதன்று. ஷேக்ஸ்பியர் காலத்துத் திறந்தவெளி அரங்குகளில் பகல் வெளிச்சத்தில் நின்றபடியே மக்கள் நாடகம் பார்த்தனர். 1876இல் ஜெர்மனியின் பைராய்த் நகரில் வாக்னர் திறந்த இசைநாடக அரங்கில் பார்வையாளர் பகுதி இருளாக்கப்பட்டது. அனைவர் பார்வையும் மேடையை மட்டுமே நோக்கும்படி இருக்கைகள் அமைந்தன. இருளும் அமைதியும் ஐரோப்பிய உயர்கலை அரங்கின் அடையாளங்களாகப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே உறுதிப்பட்டன. சிலப்பதிகார அரங்கேற்றுகாதை மேடையின் அகலம் ஏழு கோல், நீளம் எட்டுக் கோல், உயரம் ஒரு கோல் என அளந்து கூறுகிறது. மூவகை எழினிகளைச் சொல்கிறது. தூணின் நிழல் ஆடுமிடத்தில் விழாதவாறு விளக்கு வைப்பதையும் விடவில்லை. பார்வையாளர் வாய்மூடி அமர வேண்டும் என்னும் விதி அக்காதையில் இல்லை.

4. கூத்துக்களம்: பொருந்துவனவும் பொருந்தாதனவும்

நெகிழ்நிகழ்வின் கூறுகளைத் தெருக்கூத்தை அறிந்த ஒருவர் படித்தால், இவை யாவும் நம் களத்தில் முன்பே உள்ளனவே என்று எண்ணுவது இயல்பு. விடிய விடிய நிகழும் கூத்தில் பார்வையாளர் பாய் விரித்து அமர்வர். பிள்ளைகள் முன்வரிசையிலேயே உறங்குவர். தேநீர் குடிக்கச் சென்றவர் அடுத்த பாத்திரத்தின் வருகைக்குத் திரும்புவர். களத்தில் பெருகும் வெளிச்சம் பார்ப்போர் மீதும் விழும்.

இவற்றினும் ஆழமான ஒப்புமை கூத்தின் கட்டமைப்பில் உள்ளது. முதன்மைப் பாத்திரம் எடுத்த எடுப்பில் முழுதாகத் தோன்றுவதில்லை. இருவர் பிடித்த திரைக்குப் பின்னால் நின்று பாடி, சிறிது சிறிதாகத் தன்னைக் காட்டிய பின்னரே வெளிப்படுகிறது. கட்டியங்காரன் அதனை நீ யார் என வினவ, பாத்திரம் தன் பெயரையும் குலத்தையும் வந்த காரணத்தையும் கூறுகிறது. பாடிய அடியைப் பின்பாட்டுக்காரர் மீண்டும் பாடுவர். பாட்டின் பொருளை நடிகர் வசனத்தில் திரும்பவும் விரிப்பார். ஒரே செய்தி மூன்று முறை, மூன்று வடிவில் பார்வையாளரை அடைகிறது. அறிவுசார் மாற்றுத்திறனாளிகளுக்குச் செய்தி சொல்வோர் இன்று வலியுறுத்தும் முன்னறிவிப்பும் மீள்கூறலும் இவையே. கட்டியங்காரன் கதைக்குள்ளும் வெளியிலும் நிற்பவன். அச்சமூட்டும் பாத்திரத்தோடு அவன் நகையாடும்போது, இது வேடம் என்பதைப் பார்வையாளர் மறவாதிருக்கின்றனர்.

உடல் எழுப்பும் பெருங்குரலுக்கும் அங்கு இடமுண்டு. திரௌபதி துகிலுரிதல் நிகழும்போது பார்வையாளருள் சிலர் மருள் கொண்டு ஆடுவது வடமாவட்டக் கூத்துக்களங்களில் அறியப்பட்ட ஒன்று. அவர்களை எவரும் வெளியேற்றுவதில்லை. கற்பூரம் ஏற்றப்படும், ஆட்டம் தணியும், கூத்து தொடரும்.

ஆயினும் இவ்வொப்புமையை வைத்து, கூத்து இயல்பிலேயே அனைவரையும் உள்ளடக்கும் கலை என முடிவு செய்வது பெருமிதம் தரும், ஆய்வாகாது. மருள் கொண்டவரை ஏற்பதற்கு அங்கொரு பொருள்கோள் உண்டு: அது தெய்வம் வந்த நிலை. ஆட்டிசம் உடைய ஒருவரின் குரலுக்கு அத்தகைய பொருள்கோள் இல்லை. ஆகவே அவரைத் திரும்பிப் பார்க்கும் பார்வையும் வேறு. மத்தளமும் முகவீணையும் கூம்பொலிபெருக்கி வழியாக வரும்போது அதன் வேகம் பலருக்குத் தாங்கவொண்ணாதது. மரபு என்பதாலேயே செவி அதனைப் பொறுத்துக்கொள்ளாது. வேட்டு எப்போது வெடிக்கும் என்பதை எவரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. எழுந்து செல்லும் உரிமை உண்டு. சென்று அமரப் பாதுகாப்பான இடம் இல்லை.

மற்றொன்று நகைச்சுவை பற்றியது. திக்குவாய், செவிடு, கூன், பேதைமை ஆகியவற்றைச் சிரிப்பிற்குப் பயன்படுத்துவது கூத்திலும் இசைநாடகத்திலும் பின்னர்த் திரைப்படத்திலும் தொடர்ந்துவந்த வழக்கு. களத்தில் அறிவுசார் மாற்றுத்திறனாளி ஒருவர் அமர்ந்திருக்க, அவரையொத்த நடையையும் பேச்சையும் காட்டிச் சபையைச் சிரிக்க வைத்தால், கதவு திறந்திருப்பதால் அவருக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. கட்டியங்காரனின் பேச்சு எழுதிவைத்த பனுவல் அன்று; களத்திற்கேற்ப மாறுவது. மாற்றுவதும் அதனால் எளிது.

5. முன்னறிகதையும் தமிழ்நடையும்

நெகிழ்நிகழ்வின் கூறுகளுள் தமிழியல் துறை நேரடியாகப் பங்களிக்கத்தக்கது ஒன்று உண்டு. அரங்க வருகைக்குச் சில நாள்கள் முன்னரே பார்வையாளருக்கு அனுப்பப்பெறும் படக்கதை அது. வாயில், சீட்டு வாங்குமிடம், படி, இருக்கை, கழிப்பறை, நடிகர்கள், நாடகத்தின் முக்கியத் தருணங்கள் ஆகியவை ஒளிப்படங்களோடும் சிறு தொடர்களோடும் வரிசையாகத் தரப்பெறும். 1990களின் தொடக்கத்தில் கேரல் கிரே என்னும் அமெரிக்க ஆசிரியர் ஆட்டிசம் உடைய மாணவர்களுக்காக உருவாக்கிய சமூகக்கதை முறையோடு இது உறவுடையது. ஏவும் தொடர்களினும் விவரிக்கும் தொடர்களே மிகுதியாக இருத்தல் வேண்டும் என்பது அம்முறையின் அடிப்படை. நிகழ்வதை முன்னரே அறிவிப்பதால் இதனை ‘முன்னறிகதை’ எனலாம்.

ஆங்கில வழிகாட்டிகள் குறுந்தொடர், எளிய சொல், செய்வினை எனச் சில விதிகளைத் தருகின்றன. இவற்றை அப்படியே தமிழுக்குக் கொண்டுவருவது போதாது; தமிழுக்கே உரிய இடர்கள் வேறு. பெயரெச்சங்களை அடுக்கி ஒரே தொடரில் பல செயல்களைச் செறிப்பது எழுத்துத் தமிழின் இயல்பு. “இடைவேளைக்குப் பின்னர் மேடையில் தோன்றும் அரக்கனின் உரத்த சிரிப்பொலியைக் கேட்டு அஞ்ச வேண்டியதில்லை” என்னும் தொடர் பிழையற்றது. கடினமான சொல் ஒன்றும் அதில் இல்லை. எனினும் நான்கு செய்திகள் ஒன்றனுள் ஒன்று அடைபட்டு, இறுதியில் ஓர் எதிர்மறையில் முடிகின்றன. அஞ்ச வேண்டியதில்லை என்பது ஓர் உணர்வை விலக்கும் கட்டளையும் ஆகும். அதனையே, “இடைவேளை முடியும். விளக்கு மங்கும். அரக்கன் வருவான். அரக்கன் சத்தமாகச் சிரிப்பான். அது நடிப்பு. நாடகம் முடிந்ததும் நடிகர் கிரீடத்தைக் கழற்றுவார்” எனப் பிரித்தால், நிகழும் வரிசையும் தொடர்களின் வரிசையும் ஒன்றாகின்றன. கட்டியங்காரன் செய்த வேலையை இங்குத் தாள் செய்கிறது.

‘-லாம்’ என்னும் ஈறு மற்றோர் இடர். “வெளியே போகலாம்” என்பதில் அது இசைவு. “சத்தம் வரலாம்” என்பதில் அது ஐயம். நெகிழ்நிகழ்வின் முன்னறிகதை இவ்விரு பொருளையும் மிகுதியாக வேண்டுவது. சொல்லை நேர்ப்பொருளில் மட்டும் கொள்ளும் வாசகர் ஒருவருக்கு ஒரே பக்கத்தில் இரண்டும் வந்தால் குழப்பமே மிஞ்சும். இசைவிற்கு மட்டும் ‘-லாம்’ என்பதைக் கொண்டு, நிகழ்வன யாவற்றையும் எதிர்கால வினைமுற்றால் சொல்வது தக்கது. ‘சிறிது நேரம் கழித்து’ போன்ற தொடர்களுக்கு மாறாக ‘10 நிமிடம் கழித்து’ என எண்ணிட்டுச் சொல்வதும் இதனோடு சேரும்.

இரட்டை வழக்கு என்னும் பெருஞ்சிக்கலை எளிதில் தீர்க்க இயலாது. அறிவுசார் மாற்றுத்திறனாளிகளுள் பலர் மொழியைச் செவிவழியாகவே, வீட்டுப் பேச்சாகவே பெற்றவர். “பார்வையாளர்கள் அமர்ந்திருப்பார்கள்” என்பது அவர்களுக்கு ஏறத்தாழப் பிறமொழி. “ஆளுங்க உட்கார்ந்திருப்பாங்க” என அச்சிட்டால், ஒரு வட்டாரத்தார்க்கு அணுக்கமானது மற்றொரு வட்டாரத்தார்க்கு அயலாகும். எழுத்துக் கூட்டிப் படிக்கப் பள்ளியில் எழுத்துத் தமிழையே கற்றவர்க்குப் பேச்சு வடிவத்தின் எழுத்துருவே புதிது. ஒலிப்பதிவில் அவ்வவ்வட்டாரப் பேச்சும் தாளில் எளிய எழுத்து நடையும் எனப் பிரிப்பது ஒரு வழி. தாளிலும் இரு வழக்கிற்கும் பொதுவான வடிவங்களைத் தேடிக் கையாள இயலும். ‘வரும்’, ‘போகும்’, ‘இருக்கும்’, ‘முடியும்’ என்னும் அஃறிணை எதிர்கால முற்றுகள் பேச்சிலும் எழுத்திலும் பெரும்பாலும் ஒத்தே ஒலிக்கின்றன. எழுவாயாக மனிதரை வைக்காது விளக்கையும் ஒலியையும் திரையையும் வைத்துத் தொடரமைத்தால், இரட்டை வழக்கின் இடைவெளி பெரிதும் சுருங்கும்.

விளிமுறை மொழிநடையோடு மதிப்பும் சேர்ந்த செய்தி. அறிவுசார் மாற்றுத்திறனாளி நாற்பது அகவையைக் கடந்த பின்னரும் சுற்றத்தாரால் ‘பிள்ளை’ என்றும் ‘குழந்தை’ என்றும் சுட்டப்பெறுவது தமிழ்ச்சூழலில் இயல்பாகிவிட்டது. அன்பினால் அமைந்த வழக்கே எனினும், அகவைக்குரிய பன்மையை அவர் வாழ்நாளில் கேட்பதே அரிதாகிறது. நாடகம் பார்க்க வரும் ஒருவரை அரங்கு ‘நீ’ என விளிக்க எக்காரணமும் இல்லை. முன்னறிகதையில் ‘நீங்கள்’ என்பதோ, பேசுவோரையும் கேட்போரையும் ஒருங்கே உட்படுத்தும் ‘நாம்’ என்பதோ வருதல் வேண்டும். பேசுவோர்-கேட்போர் உளப்பாட்டை ‘நாம்’, ‘நாங்கள்’ எனப் பிரித்துக் காட்டும் வசதி தமிழுக்கு உண்டு, ஆங்கிலத்திற்கு இல்லை. “நாம் உள்ளே போவோம்” என்னும் தொடர் கைப்பிடித்து அழைத்துச் செல்வது போன்றது.

இத்தாள்களை இறுதி செய்வோர் மொழியறிஞராக மட்டும் இருத்தல் போதாது. பிரிட்டனில் எளியநடைப் பனுவல்களை அறிவுசார் மாற்றுத்திறனாளிகளே படித்துத் திருத்தும் நடைமுறை உண்டு. எந்தச் சொல்லில் நின்றார், எந்தப் படத்தைத் தவறாகப் புரிந்துகொண்டார் என்பது குறித்துவைக்கப்படுகிறது. தமிழிலும் இது செய்யப்பட்டால் அகராதி காட்டாத இடர்கள் பல வெளிப்படும். ஒலி குறைந்த அவ்விடத்தின் பெயரே இதற்குச் சான்று. ‘அமைதி அறை’ என்னும் மொழிபெயர்ப்பு எளிதில் தோன்றுவது. ஆனால் நூலகத்திலும் மருத்துவமனையிலும் ‘அமைதி காக்கவும்’ என்னும் பலகையைக் கண்டு பழகியவருக்கு அது ஒலியெழுப்பக் கூடாத இடமாகவே தோன்றும். கத்தியதற்காக அனுப்பப்படும் தண்டனை அறையாகவும் படலாம். ‘ஓய்வறை’ என்றால் இன்றைய வழக்கில் கழிப்பறை. ‘இளைப்பாறும் இடம்’ எனச் சொல்லி, அருகில் அவ்விடத்தின் ஒளிப்படத்தை வைப்பது பொருந்தும். அப்படத்தில் சுவரில் தொங்கும் பழைய ‘அமைதி காக்கவும்’ பலகை விழாதபடி, முதலில் அதனைக் கழற்றிவிட வேண்டும்.